அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் அத்தை கல்யாணம்

போன மாதம் நம் சபைக் கூட்டத்தில், புது ஏசி சத்தம் போடுகிறது, பிரசங்கம் காதில் விழவில்லை என்று அரை மணி நேரம் சண்டை நடந்ததே, அப்போது நான் வாயே திறக்கவில்லை. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தேன். ஜெபிக்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். நாம் எங்கெல்லாம் உட்கார்ந்து ஆராதித்தவர்கள்! என் வயசுக்காரர்களே, உங்களுக்கு மறந்தே போயிற்றா?

மைசூரில் அந்தக் காலத்தில் தமிழ் ஆராதனைக்கென்று நமக்கு ஒரு கூரை கிடையாது. பெரிய கோயிலில் காலையில் கன்னடம், அடுத்தது ஆங்கிலம். நமக்கு மத்தியானம் மூன்று மணி, தூக்கம் சொக்கும் நேரம். ஒரு மழைக்காலத்தில் அந்தக் கோயிலின் ஓடு சரிந்து, அதுவும் போயிற்று. அதற்கப்புறம்தான் அரசாங்கக் கட்டடங்கள். முதலில் ஆஸ்பத்திரி வராந்தா. (இல்லை, கொட்டகைதான் முதல் என்று உங்களில் ஒருவர் சண்டைக்கு வருவீர்கள். வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்.) போதகர் வாய் திறந்தால் உள்ளே வார்டில் பத்துப் பேர் இருமுவார்கள். காணிக்கைப் பை சுற்றி வந்தபோது, மருந்துக்கு நின்ற ஒரு பெரியவர் அவசரமாகத் தன் சீட்டை அதில் போட்டுவிட்டு, எப்போது கூப்பிடுவீர்கள் என்று கேட்டார். பிறகு பொதுப்பணித் துறைக் கொட்டகை. அங்கே தார் டின்களுக்கு நடுவில் முழங்கால் போட்டு, வெள்ளை உடுப்பெல்லாம் கறுப்புப் பொட்டோடு வீட்டுக்குப் போவோம். கடைசியில் கிடைத்ததுதான் நான் படித்த பள்ளிக்கூடம். அரசாங்கக் கன்னடப் பள்ளி. எனக்கு அப்போது நாலாம் வகுப்பு.

ஐயோ, எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! திங்கள் முதல் சனி வரை நான் அடி வாங்கும் அதே கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் எல்லாரும் வந்து கைகட்டி உட்காருவார்கள். பிள்ளைகளுக்கான பெஞ்சு. ரயில்வே பட்டறையில் இரும்பு தூக்குகிற ஆட்கள் அதில் உட்கார்ந்தால் முழங்கால் தாடைக்கு வரும். ஹெட்மாஸ்டர் மேஜைதான் பீடம். மேலே வெள்ளைத் துணி விரித்தால், கீழே மேஜைக் காலில் யாரோ காம்பஸ் முள்ளால் கீறிய பெயர்கள் தெரியும். கோயில் மணிக்குப் பதில், வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டு. கூடத்தின் பின்மூலையில் உப்புமா ரவை மூட்டைகள் அடுக்கியிருக்கும். எனக்கு இன்றைக்கும் நற்கருணை என்றால் ரவை வாசனையும் சாக்பீஸ் தூளும்தான் மூக்கில் வரும். கரும்பலகையில் பாட்டு எண்களை நான்தான் எழுதுவேன். போகும்போது எல்லாவற்றையும் இருந்த இடத்தில் இருந்தபடி வைத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. அதற்கென்றே அப்பா பெஞ்சுகளுக்குக் கீழே சுண்ணாம்பில் புள்ளி வைத்திருந்தார்.

அப்பாதான் சபையின் செயலாளர். ஆங்கிலத்தில் மனு எழுதுவதில் சூரர். கன்னடம் பேசுவார், ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. வீட்டுக்கு வரும் கன்னடக் காகிதம் எல்லாவற்றையும் படிப்பது நான்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான் செய்த அயோக்கியத்தனம் இதனால்தான் நடந்தது.

என் அம்மா நான் பிறந்த ஆறாம் மாதமே போய்விட்டாள். என்னை வளர்த்தது அப்பாவின் தங்கை, என் அத்தை. அத்தை ஊதுபத்திக் கம்பெனியில் வேலை பார்த்தாள். விரல்களில் எப்போதும் சந்தன மாவு. அவள் தலை பின்னிவிட்டால் நாள் பூராவும் என் ஜடை மணக்கும். எனக்காகவே இரண்டு இடங்களைத் தட்டிக்கழித்தாள், மூன்றாவதை அவர்களே தட்டிக்கழித்தார்கள். வயது இருபத்தொன்பது ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் அது என்ன வயது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்போதுதான் கொள்ளேகாலுக்கு அப்பால் கௌதள்ளி என்ற ஊரிலிருந்து ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளை சைக்கிள் கடை வைத்திருந்தார், அதிகம் பேசாத மனிதர். பேச்சையெல்லாம் அவருடைய அம்மா எடுத்துக்கொண்டிருந்தார்.

"நாங்க தை மாசமே முடிக்கோணும்னு நெனச்சமுங்க. நீங்கதான் இழுத்துட்டீங்க. லெந்துக்கு முன்னால நடக்கலீன்னா என்ற பையனுக்கு வேற எடம் பாத்து வெச்சிருக்கறனுங்க" என்று நேராகவே சொல்லிவிட்டுப் போனார்.

லெந்து என்ற தவக்காலம் நாற்பது நாளும் நம் சபையில் கல்யாணம் கிடையாது. அந்த வருஷம் லெந்து தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின திங்கட்கிழமைதான் எல்லாருக்கும் தோதான ஒரே நாள். செவ்வாய்க்கிழமை தேர்தல். அதற்காகத் திங்களும் செவ்வாயும் பள்ளிக்கு லீவு விட்டிருந்தார்கள். லீவுதானே, கூடம் காலியாகத்தான் இருக்கும் என்று நம் பெரியவர்கள் குதித்தார்கள். தெருவெல்லாம் தேர்தல் வண்டி அலறிக்கொண்டிருந்த அந்த ஊரில், ஓட்டுப் பெட்டி முந்தின நாளே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை!

சம்பந்தியம்மாவுக்கு இடமும் பிடிக்கவில்லை. "பள்ளிக்கோடத்துல கண்ணாலமா? இது என்ன பரீட்சையா?" என்று கேட்டார். போதகர் திருநெல்வேலிக்காரர். "ரெண்டு பேரு கூடினா அது கோயில்தாம்மா" என்று சொல்லிச் சமாளித்தார்.

மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் பேசியிருக்கிறது, யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று போதகர் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக எல்லாரையும் பார்ப்பார். கூடமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். நானும் ஒவ்வொரு தடவையும் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். யாராவது எழுந்திருக்க மாட்டார்களா? ஒருத்தராவது? மூன்றாவது ஞாயிறு என்னையறியாமல் நானே பெஞ்சிலிருந்து ஒரு விரற்கடை எழும்பிவிட்டேன். அத்தை என் கவுனைப் பிடித்து இழுத்து, "என்னடி, ஒண்ணுக்கு வருதா?" என்று காதில் கேட்டாள். நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அழுதேன்.

அந்த வியாழக்கிழமை ஹெட்மாஸ்டர் வகுப்புக்கு வந்து என் கையில் ஒரு கன்னடக் காகிதம் கொடுத்தார். "அப்பாவுக்குப் படிச்சுச் சொல்லு, அவசரம்" என்றார். நான் அதே தொட்டிக்குப் பின்னால் போய்ப் பிரித்தேன். திங்கட்கிழமை காலை பதினொரு மணி முதல் கட்டடம் தேர்தல் அதிகாரிகள் வசம், ஆகவே உங்களுக்குக் கொடுத்த அனுமதி ரத்து.

என் நெஞ்சு அடித்த அடி இப்போதும் காதில் கேட்கிறது. பயமில்லை, சந்தோஷம்! இதை அப்பாவிடம் கொடுத்தால் அவர் எங்கேயாவது ஓடி வேறு இடம் பிடித்துவிடுவார். கொடுக்காமல் விட்டால்? திங்கட்கிழமை எல்லாரும் சீவிச் சிங்காரித்து வருவார்கள், கதவு பூட்டியிருக்கும். புதன்கிழமை லெந்து வந்துவிடும். கௌதள்ளிக்காரர்கள் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள். அத்தை என்னோடேயே இருந்துவிடுவாள். பத்து வயதில் இதைவிடப் பெரிய மூளை யாருக்கு வேலை செய்யும்? கூடத்து ஆணியில் சுருட்டித் தொங்கிய உலகப் படத்துக்குள் அந்தக் காகிதத்தைச் செருகினேன். யாரும் எடுத்திருக்காவிட்டால் அது இன்னும் ஆஸ்திரேலியாவுக்கு அடியில்தான் இருக்கும்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அத்தை எனக்குக் கவுன் தைத்தாள். கழுத்தில் லேஸ், இடுப்பில் பட்டு நாடா. ஊசியைக் கோக்கச் சொல்லி என்னிடம் நீட்டும்போதெல்லாம் சொல்லிவிடலாமா என்று இருக்கும். நூலை எச்சில் படுத்திக் கோத்துக் கொடுத்துவிட்டு ஓடிவிடுவேன்.

திங்கட்கிழமை வந்தது. தேவராஜா மார்க்கெட்டிலிருந்து அப்பா இரண்டு கூடை மல்லிகை வாங்கி வந்திருந்தார். பத்து மணிக்குப் பள்ளி வாசலில் போய் நிற்கிறோம். கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது! ப்யூன் கூடத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். எலெக்ஷன்காரர்களும் வருவார்கள் என்பது அவருக்குத் தெரியும். "எல்லாம் அட்ஜஸ்ட் பண்ணலாம், எல்லாமே கவர்மெண்ட் வேலைதானே" என்று அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொல்ல, அப்பா அவசரத்தில் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். என் திட்டம் அவ்வளவுதான், மண்ணாய்ப் போயிற்று.

ஆனால் பஸ் என் பக்கம் இருந்தது. பத்தரை மணிக் கல்யாணத்துக்குக் கௌதள்ளிக்காரர்கள் வந்து சேர்ந்தபோது பதினொன்றே முக்கால். கொள்ளேகாலில் டயர் வெடித்துவிட்டதாம். தண்டவாளத்தைத் தட்டினார்கள், எல்லாரும் எழுந்து பாட ஆரம்பித்தோம். அத்தை வெள்ளைப் புடவையில், முகத்தில் வலைத்துணி போட்டுக்கொண்டு, கரும்பலகையில் நான் எழுதிய எண்களுக்குக் கீழே போய் நின்றாள். அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததே இல்லை.

இரண்டாவது பாட்டு முடியும் நேரம், வெளியே லாரி வந்து நின்றது. ஐந்து பேர் இறங்கினார்கள். பூத் அதிகாரி, குமாஸ்தாக்கள் மூன்று பேர், லத்தியோடு ஒரு கான்ஸ்டபிள். ஆளுக்கொரு தகரப் பெட்டி, அட்டை மறைப்புகள், அரக்கு, மை, ஒரு சாக்கு நிறையக் காகிதம். அதிகாரி நல்ல மனுஷர். பாட்டுச் சத்தம் கேட்டதும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ரவை மூட்டைக்குப் பக்கத்தில் பெட்டியை அணைத்துக்கொண்டு மரியாதையாக நின்றார். எப்போது இடைவெளி கிடைக்கும், எப்போது விஷயத்தைச் சொல்லலாம் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பாட்டு நின்றது. போதகர் புத்தகத்தைப் பிரித்து, இந்த இருவரும் இணைவதில் யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் இப்போதே சொல்லட்டும் என்று படித்து, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

அதிகாரி, வகுப்பில் பையன்கள் தூக்குவது மாதிரி, ஒரு கையைத் தூக்கினார்.

"எனக்கு இருக்கு சார், ஆட்சேபணை!"

அடேயப்பா! அந்தக் கூடம் பட்ட பாடு! பெஞ்சுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. ஆர்மோனியக்காரர் பயத்தில் ஒரு கட்டையை அழுத்திவிட, அது தன்பாட்டுக்கு ஊளையிட்டது. நம் சபையில் அந்தக் கேள்விக்கு ஆட்சேபணை சொன்ன ஒரே மனிதர் அவர்தான். அப்பா முகத்தில் ரத்தமே இல்லை. சம்பந்தியம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

"நானு நெனச்சனுங்க! இருவத்தொம்பது வயசு வரைக்கும் ஒரு புள்ள ஏன் சும்மா இருக்குதுன்னு நெனச்சனுங்க! இந்தாளு யாருங்க?"

அதிகாரிக்கு வேர்த்துக் கொட்டியது. அவர் கொள்ளேகால் பக்கத்துக்காரர். தமிழ் புரியும், பேசினால் பாதி கன்னடமாக வரும். "அய்யய்யோ, அம்மா! இந்தப் பொண்ணு யாருன்னே எனக்கு கொத்தில்லெ, தெரியாது! எனக்கு ஹால்தான் பேக்கு, ஹால்தான் வேணும்! நாளைக்கு ஓட்டு!"

சிலர் சிரித்தார்கள். போதகர் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடிவிட்டார். "எதுக்கா இருந்தா என்ன? கேட்டாச்சு, சொல்லியாச்சு. அதை விசாரிச்சுத் தீக்காம மேற்கொண்டு ஒரு வரி படிக்க மாட்டேன்" என்றார். அவர் குணம் உங்களுக்குத் தெரியுமே, எள்ளளவும் அசைய மாட்டார்.

"முறையா அனுமதி வாங்கியிருக்கோம் சார்" என்று அப்பா தன் ஆங்கில மனுவின் நகலை நீட்டினார். அதிகாரி தன் கோப்பைப் பிரித்தார். அவரிடமும் நகல் இருந்தது! ஹெட்மாஸ்டர் எழுதிய அனுமதி ரத்துக் காகிதம். அதன் அடியிலிருந்த வரியைச் சத்தமாகப் படித்தார். செயலாளரின் மகள், நாலாம் வகுப்பு, அவள் கையில் கொடுத்து அனுப்பப்பட்டது.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் ஆசைப்பட்டது அத்தனையும் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது. கல்யாணம் நின்றுவிட்டது. ஆனால் அத்தை வலைத்துணிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டி வரைக்கும், அதற்குப் பின்னால் நான் நின்றது வரைக்கும், எல்லாமே புரிந்துவிட்டது. அவள் உதடு கோணியது. அந்த முகத்தை நான் அன்றைக்குப் பார்த்தேன், இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் மறக்கவில்லை.

"லெட்டர் வந்துச்சுண்ணா" என்றாள் அத்தை.

கல்யாணப் பெண் வாய் திறந்து பேசுவதை அந்தச் சபை பார்த்ததில்லை. அவள் வலைத்துணியை மேலே தூக்கிப் போட்டுக்கொண்டு அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "புள்ள என்கிட்டதான் கொடுத்துச்சு. உங்ககிட்ட கொடுக்கச் சொல்லி. நான்தான் எங்கேயோ வச்சுட்டு மறந்துட்டேன்." பிறகு அதிகாரியிடம் திரும்பி, கம்பெனியில் பழகின பளிச்சென்ற கன்னடத்தில், தப்பு என்னுடையது, இருபது நிமிஷம் கொடுங்கள், பெஞ்சுகளை நாங்களே உங்களுக்கு வேண்டியபடி போட்டுத் தருகிறோம் என்று கேட்டாள்.

"இத்தன பெரிய காயிதத்த மறந்த புள்ள, குடும்பத்த எப்படிங்க கட்டிக் காப்பா?" என்று சம்பந்தியம்மா கையை விரித்தார்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் குரலை நாங்கள் முதன்முதலாகக் கேட்டோம். "அம்மா, உக்காருங்க" என்றார். அவ்வளவுதான். சம்பந்தியம்மா உட்கார்ந்துவிட்டார், பெஞ்சு சின்னது என்பதை மறந்து சற்று வேகமாகவே.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டிகளைப் பார்த்தார். "நானும் ஸ்கூல் மேஷ்டருதான் அம்மா. காகிதம் தொலையுறது எனக்குத் தெரியாததா" என்றார். "ஆனா பெட்டி என் கண்ணை விட்டுப் போகக்கூடாது. நாங்க இங்கேயே உக்காருவோம். ஆட்சேபணை வாபஸ்."

"எழுத்துல கொடுங்க" என்றார் போதகர்.

"ஹாலை எத்தனை மணிக்கு ஒப்படைப்பீங்கன்னு நீங்களும் எழுத்துல கொடுங்க" என்றார் அதிகாரி.

இரண்டு பேரும் ஹெட்மாஸ்டர் மேஜையில் குனிந்து எழுதி, கையெழுத்துப் போட்டு மாற்றிக்கொண்டார்கள். அந்த வாபஸ் காகிதம் நம் சபைக் கல்யாணப் பதிவேட்டில் இன்றைக்கும் ஒட்டியிருக்கிறது. நம்பாதவர்கள் போய்ப் புரட்டிப் பார்க்கலாம். முன் பெஞ்சில் ஐந்து அரசாங்க ஊழியர்கள் மடியில் தகரப் பெட்டியோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, விதிப்படி முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் அந்த இடம் வந்தது. யாருக்காவது ஆட்சேபணை இருந்தால்?

வெளியே தூரத்தில் பழவண்டிக்காரன் ஏதோ கத்திக்கொண்டு போனான். ஆட்சேபணை எனக்கு இருந்தது. தொண்டை வரைக்கும், கண் வரைக்கும் இருந்தது. அத்தை என் பக்கம் திரும்பவில்லை. அவள் முதுகு மட்டும் விறைத்துக்கொண்டு நின்றது. பத்து வருஷம் நான் சாய்ந்து தூங்கின முதுகு.

"இல்லை!" என்று கத்தினேன்.

அந்தக் கேள்விக்கு இல்லை என்று யாரும் சொல்வதில்லை, பேசாமல் இருந்தாலே போதும். கூடமே வெடித்துச் சிரித்தது. கான்ஸ்டபிள் சிரித்த சிரிப்பில் பெட்டி மடியிலிருந்து நழுவப் பார்த்தது. அதிகாரி கைதட்டினார். போதகர்கூடப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். தாலி கட்டும்போது மணி பன்னிரண்டு ஐம்பது. ஒரு மணிக்குள் பெஞ்சுகளை எல்லாம் நாங்கள் பூத்துக்கு ஏற்றபடி போட்டுவிட்டோம். மாப்பிள்ளையும் மாலையோடு ஒரு பெஞ்சைத் தூக்கினார்.

லெட்டரை மறந்த மருமகள் என்ற பெயர் அத்தைக்குக் கடைசி வரை போகவில்லை. பால் பொங்கினால் அந்தப் பேச்சு, சாவி தொலைந்தால் அந்தப் பேச்சு. அப்பாவும் தன் தங்கை கவனமில்லாதவள் என்றே நம்பிக்கொண்டிருந்து போய்விட்டார். அத்தை ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் கௌதள்ளிக்கு பஸ் ஏற்றிவிடப் போனோம். அத்தை ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் கீழே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் மூட்டைகளை ஏற்றும் சந்தடியில் அவள் குனிந்து என் காதருகே வந்தாள்.

"இல்லைன்னு சொன்னியே, பொய்தானே?"

"ஆமா அத்தை."

"நானும் பொய்தான் சொன்னேன். கோயில்ல நின்னுக்கிட்டு ரெண்டு பேரும் பொய் சொல்லிட்டோம்டி."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. "அது கோயில் இல்ல அத்தை, ஸ்கூலு" என்றேன்.

அத்தை பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பஸ் கிளம்பும் வரைக்கும் கம்பிக்கு மேலிருந்த என் விரல்களை அவள் விடவே இல்லை, கண்டக்டர்தான் வந்து பிரித்துவிட்டார்.